ரெண்டு லெட்டர் வந்துருக்கு, பொண்ணு எதுல கையெழுத்து போடணும்?

அக்கா, சனிக்கிழமை பெங்களூர் அல்சூர்ல பொண்ணு வேலை விஷயமா என்கிட்ட யோசனை கேக்க நீங்க வந்தப்ப வெளில இன்னும் நாலு பேரு உக்காந்திருந்தாங்க, பாதிப் பேச்சுலயே உங்கள அனுப்பி வச்சுட்டேன், வீட்டுக்கு வந்தும் அதே நெனப்பு. அதான் இப்ப சாவகாசமா டைப் பண்றேன், நீளமா போகும், உங்க வீட்டு சாரையும் படிக்க சொல்லுங்க.

பொண்ணு சிவில் ஃபைனல் இயர். கேம்பஸ்ல ஒரு ஐடி கம்பெனி நாலே கால் லட்சத்துக்கு ஆஃபர் குடுத்துருக்கு. இன்னொரு பக்கம் இங்கயே ஊருக்குள்ள ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல, வெளிநாட்டு யூனிவர்சிட்டியோட சேந்து நடத்தற ப்ராஜெக்ட்ல ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலை. வெள்ளம் பூகம்பம் வந்தாலும் தாங்கணும், சிமெண்டும் கரெண்டும் கம்மியா இழுக்கணும், அந்த மாதிரி கட்டடம் பத்தின ஆராய்ச்சி. சார் ஐடின்றாரு, அவ ரிசர்ச்ன்றா, நடுவுல நீங்க மத்தளம் மாதிரி.

நீங்க அனுப்பின லெட்டர் போட்டோவ பெருசு பண்ணி படிச்சேன். மேல ரெண்டு லோகோ இருக்கறத பார்த்துட்டு பாஸ்போர்ட் எடுக்கணுமானு கேட்டீங்க, என் கண்ணு போனது கீழ பொடி எழுத்துக்கு, 'கோ-டெர்மினஸ் வித் த ப்ராஜெக்ட்'னு ஒரு வரி. ப்ராஜெக்ட் என்னைக்கு முடியுதோ அன்னைக்கு வேலையும் முடிஞ்சுதுனு அர்த்தம். இது படிப்பு இல்லக்கா, ஒப்பந்த வேலை. பிஎச்டி சீட்டுங்கறது வேற, அதுக்கு கேட்ங்கற நுழைவுத் தேர்வு ஸ்கோரு, இன்டர்வியூ எல்லாம் தனியா. நெறைய புள்ளைங்க இந்த எடத்துலதான் ஏமாறுதுங்க, ரெண்டு வருஷம் லேப்ல கான்கிரீட் க்யூப் உடைச்சு உடைச்சு டேட்டா எடுத்து குடுத்துட்டு கடைசில பார்த்தா எங்கயும் ரெஜிஸ்டரே ஆகலன்னு வந்து நிக்குதுங்க. அதுக்காக இது மோசமான வேலைனு சொல்லல, ஒரு நல்ல கைடு கிட்ட ஒரு வருஷம் இருந்தா நாலு வருஷ காலேஜுல வராத கைவேலை வந்துரும், ஆனா அது என்னன்னு தெரிஞ்சு சேரணும்.

அடுத்தது இந்த 'இன்டர்நேஷனல்'ங்கற வார்த்தை. பெரும்பாலும் இந்த மாதிரி கூட்டு ப்ராஜெக்ட்ல அந்தந்த நாட்டுக் காசு அந்தந்த நாட்டு ஆளுங்களுக்குத்தான், நம்ம பக்கத்துக்கு நம்ம கவர்மென்ட் குடுக்கும். கல்வி அமைச்சகத்தோட ஸ்பார்க்னு ஒரு ஸ்கீம் 2018லேர்ந்து இருக்கு, அதுலயும் அங்க உள்ள ப்ரொஃபசர் இங்க வந்து பாடம் எடுப்பாரு, இங்க உள்ள ஸ்டூடென்ட் அங்க போயி கொஞ்ச மாசம் லேப்ல வேலை பார்த்துட்டு திரும்பி வரணும். குடியேறப் போறதில்ல. மத்த நாள்ல எல்லாம் சாயங்காலம் வீடியோ கால்தான்.

நல்ல கூட்டு ஆராய்ச்சின்னா எனக்கு உடனே ஞாபகம் வர்றது எல்சி3 சிமெண்ட். சாதா சிமெண்டோட உயிரே கிளிங்கர், சுண்ணாம்புக்கல்ல சுட்டு எடுக்கற கட்டி, அத சுமார் 1450 டிகிரில சுடணும், அதுவும் போக சுண்ணாம்புக்கல்லு அந்த சூட்டுல உடையறப்பவே கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும், அதனால சூளைய சோலார்ல ஓட்டினாக்கூட அது நிக்காது. உலகம் பூரா மனுஷன் விடற கார்பன் டை ஆக்சைடுல 7, 8 சதவீதம் சிமெண்டுலேர்ந்து மட்டும்னு கணக்கு சொல்றாங்க. எல்சி3ல கிளிங்கர் பாதிதான், 30 சதவீதம் சுட்ட களிமண்ணு, 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல்லுப் பொடி, மிச்சம் ஜிப்சம். களிமண்ணுக்கு 800 டிகிரி வாக்குல போதும். கார்பன் 40 சதவீதம் வரைக்கும் குறையுது. இத ஸ்விட்சர்லாந்து லோசான்ல இருக்கற ஈபிஎஃப்எல்ங்கற யூனிவர்சிட்டி, கியூபால ஒரு யூனிவர்சிட்டி, நம்ம டெல்லி, பம்பாய், மெட்ராஸ் ஐஐடிங்க எல்லாம் ஸ்விஸ் கவர்மென்ட் காசுல சேந்து பண்ணாங்க. நம்மூர் களிமண்ண நம்மூர் ஆளுங்களே டெஸ்ட் பண்ணாங்க, 2023ல நம்ம நாட்டுத் தரம் போடற பிஐஎஸ் இதுக்குன்னு தனி ஸ்டாண்டர்டே போட்டுருச்சு. அங்க ஒருத்தர் யோசிக்க இங்க ஒருத்தர் மூட்டை தூக்கறதுனு இல்லாம ரெண்டு பக்கமும் மூளை இருந்துச்சு. அதனால பொண்ணு அந்த ப்ரொஃபசர் கிட்ட கேக்க வேண்டிய கேள்வி, எந்த நாடுன்னு இல்ல, இந்த ப்ராஜெக்ட்ல நம்ம பக்கம் என்ன பண்றோம், அதுல என் கை எதுல படும், பேப்பர் வந்தா என் பேரு வருமா. மூஞ்சிக்கு நேரா கேக்கலாம், நல்ல ப்ரொஃபசர் கோச்சுக்க மாட்டாரு. கோச்சுக்கிட்டா அதுவே பதில்.

சார் 'சிவில்ல என்ன இருக்கு'ன்னாரே, 2022 செப்டம்பர் மழைல அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஐடிக்காரங்க டிராக்டர்ல ஏறி ஆபீஸ் போனத அவருக்கு ஞாபகப்படுத்துங்க. ஏரிக்கு ஏரி தண்ணி போற கால்வாய அடைச்சு கட்டினா என்ன ஆகும்னு கணக்கு போட சிவில் படிச்சவங்கதான் வேணும். நீங்க வேற காரைக்குடி, உங்களுக்கு நான் சொல்லணுமா, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் எடத்தயும் 15 லட்சத்தயும் தூக்கிக் குடுத்து வந்ததுதானே சிக்ரி, அந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1948ல நேரு அடிக்கல் நாட்டினது. கான்கிரீட்டுக்குள்ள கம்பி துரு பிடிக்கறத பத்தி அங்க எத்தன வருஷமா ஆராய்ச்சி நடக்குது. கடலோரத்துல பாலம் நிக்குமா நிக்காதாங்கறதே அந்த துருவுலதான் இருக்கு. பொண்ணு சொல்ற 'ரெசிலியன்ட்'னா பெரிய மந்திரம் ஒண்ணும் இல்லக்கா, அடி வாங்கினாலும் சீக்கிரம் எந்திரிச்சு நிக்கணும், அவ்ளோதான்.

இப்ப காசு. அத பேசாம விட்டா நீங்க தூங்க மாட்டீங்க. எம்டெக்ல கேட் ஸ்டைபெண்ட் மாசம் 12,400, பெங்களூர்ல அது பேயிங் கெஸ்ட் வாடகைக்கே போயிரும். பிஎச்டில ஜேஆர்எஃப்ங்கற உதவித்தொகை 2023லேர்ந்து மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஐடி ஆஃபர் பிடித்தம் போக கைக்கு வர்றத இந்த பிஎச்டி காசோட போட்டு பார்த்தா பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஐடில அஞ்சு வருஷத்துல சம்பளம் ஏறும், இங்க அப்படி ஏறாது, அத மறைக்கக் கூடாது. வீட்டு லோன் அவ சம்பளத்த நம்பித்தான் இருக்குன்னா என் பதிலே வேற, அத வெக்கப்படாம சொல்லுங்க.

ஒண்ணு சொல்றேன், எனக்கே கஷ்டமா இருக்கற விஷயம். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு பையன் வெளிநாட்டுல பிஎச்டி சீட்டுன்னு வந்தான், ஃபண்டிங் முதல் வருஷத்துக்கு மட்டும்தான் எழுத்துல இருந்துச்சு, மீதி 'வந்துரும்'னு மெயில்ல சொன்னாங்க, நானும் பெரிய யூனிவர்சிட்டிதானேன்னு போகச் சொல்லிட்டேன். ரெண்டாவது வருஷம் அவன் கைடு வேற ஊருக்கு மாறிட்டாரு, காசும் நின்னுது, அவங்க அப்பா ஊர்ல நெலத்த வித்தாரு. அதுலேர்ந்து எழுத்துல இல்லாத எதையும் நான் கணக்குல எடுத்துக்கறதில்ல.

வெளிநாடு போகணும்னு அவளுக்கு ஆசை இருந்தா அதுக்கும் வழி இருக்கு, ஆனா ஜெர்மனி, நெதர்லாந்து மாதிரி எடத்துல பிஎச்டிய சம்பளத்தோட வேலையாவே குடுக்கறாங்க, பெரும்பாலும் மாஸ்டர்ஸ் முடிச்சிருக்கணும். பிஇ முடிச்ச கையோட நேரா பிஎச்டின்னா இங்க பெங்களூர் ஐஐஎஸ்சில உண்டு, அமெரிக்காலயும் உண்டு. ரொம்ப தூரம் அனுப்ப மனசில்லன்னா மும்பைல பம்பாய் ஐஐடியும் ஆஸ்திரேலியா மோனாஷ் யூனிவர்சிட்டியும் சேந்து நடத்தற ஐஐடிபி-மோனாஷ்னு ஒண்ணு 2008லேர்ந்து இருக்கு, படிக்கறது பவாய்ல, கொஞ்ச காலம் மெல்போர்ன், ரெண்டு பக்கமும் கைடு, டிகிரி ரெண்டு பேரும் சேந்து குடுப்பாங்க. உங்க பயத்துக்கு அது சரியா வரும், ஒன்றரை மணி நேர ஃப்ளைட்டு.

முடிச்சதும் வாத்தியார் வேலைதானான்னு கேட்டீங்க. அது மட்டும் இல்ல. சென்னை தரமணில கட்டடம், பாலம் பத்தி ஆராய்ச்சி பண்ற சிஎஸ்ஐஆர் எஸ்இஆர்சி இருக்கு. டெல்லில சிடிஆர்ஐ இருக்கு, பேரிடர தாங்கற கட்டமைப்புக்குன்னே பல நாடுங்க சேந்து நடத்தறது, 2019ல இந்தியா ஆரம்பிச்சது, ஆராய்ச்சிக்கு ஃபெலோஷிப்பும் குடுக்கறாங்க. அப்புறம் யாரும் யோசிக்காத ஒண்ணு, இன்சூரன்ஸ். புயல் அடிச்சா எத்தன கட்டடம் விழும், எவ்ளோ நஷ்டம்னு மாடல் போடறதுக்கு ஆள் எடுக்கறாங்க, இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்கே இன்சூரன்ஸ் குடுக்கற ஸ்விஸ் ரீக்கு இங்க பெங்களூர்லயே ஆபீஸ் இருக்கு. அதுக்கு சிவிலோட பைத்தான் ப்ரோக்ராமிங்கும், கம்ப்யூட்டர்ல மேப் போடற ஜிஐஎஸ்ஸும் தெரியணும், இப்பவே கத்துக்க ஆரம்பிக்கட்டும். கல்யாணத்த பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அதுக்கு என் ஃபீஸ் அதிகம்.

என் யோசனை கேட்டா, ப்ராஜெக்ட்ல சேரட்டும், ஆனா ஒரு வருஷம்னு மனசுல கோடு போட்டுக்கிட்டு சேரட்டும். அந்த ஒரு வருஷத்துக்குள்ள பிப்ரவரில கேட் எழுதிரணும், ஸ்கோரு மூணு வருஷம் செல்லும். ஐடி ஆஃபர உடனே வேணாம்னு எழுதிராதீங்க, ஜாயினிங் தேதி போட்டுருக்கானு மொதல்ல பாருங்க, 2022 பேட்ச் பசங்க எத்தன பேரு ஆஃபர கைல வச்சுக்கிட்டு மாசக்கணக்கா காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். ப்ராஜெக்ட் லெட்டர்ல முடியற தேதி காலியா விட்டுருக்கு, அத மெயில்ல கேட்டு எழுத்துல வாங்க சொல்லுங்க. பதில் வந்ததும் எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, அடுத்த சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு அவள மட்டும் அனுப்புங்க, நீங்க ரெண்டு பேரும் ஏரிக்கரைல ஒரு சுத்து நடந்துட்டு வாங்க.