ப்ரொஃபசருக்கு மனு எழுதாத, தம்பி

அன்புள்ள அக்கா, வாலாஜாபேட்டைலருந்து எழுதறேன். சிவில் ஃபைனல் இயர். வெளிநாட்டுல என்விரான்மென்ட்டல் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் பண்ண ஆசை. அப்ளை பண்றதுக்கு முன்னாடி ப்ரொஃபசர்களுக்கு மெயில் போடணுமா? போட்டாதான் சீட்டுன்னு ஒரு சீனியர் சொல்றாரு, போட்டா எரிச்சலாயிடுவாங்கன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எண்பது பேருக்கு அனுப்ப ஒரு மெயில் ரெடி பண்ணிருக்கேன், கீழ இருக்கு, பாத்துச் சொல்லுங்க. ஜிஆர்இ பரீட்சை எழுதணுமா? அப்பா ராணிப்பேட்டைல ஒரு டேனரில தோல் பதனிடற டிரம்ல வேலை பாக்கறாரு, லோன் போட்டுதான் போகணும்.

தம்பி,

ரெண்டு சீனியரும் பாதி பாதி சரி. அமெரிக்காவுல கோர்ஸ்வொர்க் எம்எஸ் (தீசிஸ் இல்லாம பாடம் மட்டும் படிக்கறது), ஜெர்மனில பெரும்பாலான மாஸ்டர்ஸ் எல்லாம் அட்மிஷன் கமிட்டி பாத்து முடிவு பண்றது, அதுக்கு ப்ரொஃபசர் மெயில் தேவையே இல்ல. கனடால தீசிஸ் எழுதற மாஸ்டர்ஸ்னா கதை வேற, அங்க நெறைய டிபார்ட்மென்ட்ல ஒரு சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டாதான் எடம், ஏன்னா உன் ஸ்டைபெண்டுல பெரும்பங்கு அவரோட ஆராய்ச்சி கிராண்ட்லருந்து வரணும். டிசம்பர், ஜனவரில டெட்லைன்னா செப்டம்பர் அக்டோபர்ல எழுது. எழுதறதுக்கு முன்னாடி அவர் பேஜைப் படி, மாஸ்டர்ஸ் அப்ளிகன்ட்ஸ் மெயில் பண்ண வேணாம்னு சிலர் அதுலயே போட்டிருப்பாங்க.

இப்ப உன் மெயிலுக்கு வரேன். படிச்சிட்டு கோவம்தான் வந்துது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன், ஒரு வாய்ப்பு தந்து உதவ வேண்டுகிறேன்", இதான அந்த இங்கிலீஷுக்கெல்லாம் அர்த்தம்? எண்பது பேருக்கும் இதே, பேரு மட்டும் மாறும்.

எங்க பெரியப்பா வேலூர் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக் குடுத்தவரு. திங்கக்கெழம குறைதீர்வு நாள்ல ஊர்லருந்து கெழவிங்க வந்து கிட்ட உக்காந்து எந்தக் கெணறு, யாரு வேலி போட்டான், தண்ணி எந்தப் பக்கமா வந்துட்டிருந்துதுன்னு அப்டி புட்டுப் புட்டு வெப்பாங்க. அத பெரியப்பா பேப்பர்ல எழுதினா "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" ஆயிடும், கெழவி சொன்னதுல கால்வாசி கூட அதுல இருக்காது. ஆபீஸ்ல அப்டி எழுதினாதான் வாங்குவாங்கன்னு அவருக்குத் தெரியும், அவர குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ப்ரொஃபசர் உனக்கு உதவித்தொகை சாங்ஷன் பண்ற தாசில்தார் இல்லடா. அவரும் ஏதோ ஒரு விஷயம் புரியாம வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சிட்டிருக்கற ஆளு. அவருக்குத் தேவை அந்த விஷயத்தப் பாத்தவன்.

நீ பாத்திருக்க! உங்கப்பா டிரம்ல வேலை பாக்கறாருன்னு லோனுக்கோசரம் கடைசில ஒரு வரி எழுதற, மெயில்ல அதக் காணோம், சிஜிபிஏ மூணு எடத்துல வருது. பச்சத்தோலுக்கு உப்பு போட்டு வெக்கறான், ஊறப்போட்டா அந்த உப்பெல்லாம் தண்ணில வருது, பாலாத்து ஓரத்துக் கெணறெல்லாம் கரிச்சுப் போனதுல அதுக்குப் பெரிய பங்கு. 1996ல சுப்ரீம் கோர்ட் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் கேஸ்ல, மாசுபடுத்தினவன்தான் செலவ ஏத்துக்கணும்ங்கறது இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னே சொல்லிச்சு, இன்னிக்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கறவங்க நம்ம ஊர் பேரச் சொல்லித்தான் படிக்கறாங்க. அதுக்கப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையத்துல ஆர்ஓ வெச்சு, தண்ணிய ஆவியாக்கி, வெளிய ஒரு சொட்டு விடக்கூடாதுன்னாங்க. சரி, மிஞ்சற உப்பு? சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் கலந்து அழுக்கா கெடக்கற அத வாங்க ஆளில்ல, ஷெட்டுல குமிஞ்சு கெடக்குது. அந்த உப்ப எப்படிப் பிரிக்கறது, எவ்ளோ கரண்ட் செலவாகும், திரும்பத் தோலுக்கே போடலாமா, இதெல்லாம் உப்புத்தண்ணி, உப்ப வடிகட்டற மெம்ப்ரேன்னு வேலை செய்ற எந்த லேப்லயும் காது குடுத்துக் கேக்கற கேள்விங்க. உன் வீட்ல ராத்திரி சோறு திங்கறப்போ கேட்டிருக்கலாம், கேட்டியா?

மொதல்ல அப்பாகிட்ட கேளு. ஒரு ஞாயித்துக்கெழம முழுசா கேளு, நோட்டுல எழுது. உங்க காலேஜ் லேப்ல பக்கத்துக் கெணத்துத் தண்ணிக்கு டிடிஎஸ் (உப்பு மாதிரி கரைஞ்சிருக்கறது மொத்தம் எவ்ளோன்னு) பாரு. அப்புறம் அஞ்சே அஞ்சு பேரப் புடிச்சு, ஒவ்வொருத்தரோட ஒரு பேப்பரையாவது ஒழுங்காப் படிச்சிட்டு, எங்க ஊர்ல இது இப்டி இருக்கு, நீங்க சொல்ற முறை இந்த உப்புக்கு ஆகுமா, இந்த வருஷம் ஸ்டூடன்ட் எடுக்கறீங்களான்னு பத்து வரில எழுது. பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்து, அதோட விட்டுடு. இங்கிலீஷ் சுமாரா இருந்தா பரவால்ல, அத நெனச்சு கூச்சப்படாத.

ஜிஆர்இ கேக்கறாங்களான்னு ஒவ்வொரு டிபார்ட்மென்ட் பேஜ்லயும் போட்டிருக்கும், நீயே பாத்துக்க. புதுசா எழுதின மெயில அனுப்பு, படிச்சிட்டுத் திட்டறேன்.