கொம்பிக்கு பெயிண்ட் அடிக்க முதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கொம்பி வேன் வாங்கியிருக்கிறம், 1970கள்ல வந்த மொடல். முந்தி வச்சிருந்த ஆரோ உள்ளுக்க கட்டில், சிங்க், காஸ் அடுப்பு எல்லாம் பூட்டி, கூரைய வெட்டி மேல தூக்கிற ஃபைபர் மூடி ஒண்டும் போட்டிருக்கினம். வெளியில குறைஞ்சது மூண்டு நிறம் ஒண்டுக்கு மேல ஒண்டா அடிச்சிருக்கு, சில்லு வளைவிலயும் கதவடியிலயும் கொப்புளம். ஒரு கராஜ்ல கேட்டா புட்டி (பள்ளம் நிரப்புற பசை) போட்டு, பேப்பர் பண்ணி (உப்புத்தாளால தேய்ச்சு) ஒரு கிழமையில அடிச்சுத் தாறம் எண்டினம். இன்னொருத்தர் வாகனத்தின்ட முழு பொடியையும் (வெளித்தகட்டையும்) சாண்ட் பிளாஸ்ட், அதாவது மணல் வீசிச் சுரண்டினாத்தான் சரி எண்டுறார். எதைக் கேக்கிறது? நாங்களே வீட்டில கொஞ்ச வேலை செய்யலாமா?
வாசகர், தெஹிவளை

பதில்: ரெண்டு பேர் சொன்னதும் வேண்டாம் தம்பி. ஒரு கிழமைக்காரர் சொல்றது விக்கப் போற வாகனத்துக்கு செய்யிற வேலை, அடுத்த மழைக்காலம் முடிய அதே இடத்தில அதே கொப்புளம் வரும். சாண்ட் பிளாஸ்ட் சில்லு, சஸ்பென்ஷன், அடிச்சட்டம் மாதிரி தடிச்ச சாமானுக்கு நல்லது, ஆனா கொம்பின்ட பக்கமும் கூரையும் பெரிய மட்டமான ஒற்றைத் தகடு, மணல் வேகமா வந்து அடிக்கிற அடியில தகட்டின்ட ஒரு பக்கம் விரிஞ்சு பிறகு முழுக்க அலை அலையா நிக்கும், அதை நிமித்த ஒரு கராஜ் பாஸுக்கும் (மேசன் மாதிரி கைவேலைக்காரர்) ஏலாது, கடைசில அலைய மறைக்க இன்னும் புட்டிதான் அப்புவினம்.

பெயிண்டப் பற்றி யோசிக்க முதல் உள்ளுக்க இருக்கிற எல்லாத்தையும் கழட்டுங்கோ. முதல்ல காஸ் சிலிண்டரும் அதின்ட குழாயும், ஏனெண்டா எப்பிடியும் வெல்டிங் இருக்கு. பிறகு கட்டில், பிளைவுட், பிளைவுட்டுக்குப் பின்னால சூடு தாங்க வச்ச ஸ்பொஞ்சோ கண்ணாடிப் பஞ்சோ அதுவும். கேம்பர் ஆக்கின வேன்ல கன இடத்தில கறள் வெளியில இருந்து வாறேல்ல, அந்தப் பஞ்சு ஈரத்தக் குடிச்சு தகட்டோட ஒட்டிக்கொண்டு வருசக்கணக்கா இருந்து உள்ளுக்க இருந்து தின்னுது, வெளியில கொப்புளமாத் தெரியிற நேரம் உள்ளுக்க கதை முடிஞ்சிருக்கும். சிங்குக்குக் கீழ, ஜன்னலுக்கும் காத்துத் துவாரத்துக்கும் ஜிக்சோவால வெட்டின விளிம்பு, கூரைய வெட்டின விளிம்பு, இதுகளக் கட்டாயம் பாருங்கோ, வெட்டின ஆக்கள் அந்த வெறும் இரும்பு விளிம்புக்கு ப்ரைமர் (நிறத்துக்கு முதல் போடுற அடிப்பூச்சு) போட்டிருக்க மாட்டினம் எண்டு நான் பந்தயமே கட்டுவன். கொம்பிக்கெண்டே உள்ள இடங்களும் இருக்கு: முன் கண்ணாடி ரப்பரின்ட கீழ் மூலை ரெண்டு, கூரையச் சுத்தி வாற தண்ணி வாய்க்கால், பின்னால எஞ்சின் அறையில பற்றரி வைக்கிற தட்டு, ஜக் வைக்கிற இடம், முன் சில்லுக்குப் பின்னால, பக்கத்து அடி. அந்தப் பக்கத்து அடி வெளி, நடு, உள் எண்டு மூண்டு படை, வெளிப்படைய மட்டும் மாத்தி அடிச்சா பாக்க வடிவா இருக்கும், ஆனா பலம் உள்ளுக்கதான் இருக்கு.

இனி வெளியால. ஒரு காந்தத்த மெல்லிய துணியில சுத்தி பொடி முழுக்க இழுத்துப் பாருங்கோ, பிடி விடுற இடத்தில புட்டி தடிப்பா இருக்கு. ஸ்குரூ ட்ரைவர் பிடியால தட்டினா நல்ல தகடு கணீரெண்டும், புட்டி டொக் எண்டும். பிறகு ஒரு கொப்புளத்த பிளேட்டால கிழிச்சுப் பாருங்கோ, நிறைய விளங்கும். மேல இருந்து ஒவ்வொரு நிறமும் மெல்லிய கோடு கோடாத் தெரியும், அதுக்குக் கீழ சாம்பல் நிற ப்ரைமர், கீழ மண்ணிறத்தில உதிருற தூள் எண்டா கறள் தகட்டில இருந்துதான் கிளம்பியிருக்கு. ப்ரைமருக்குக் கீழ புட்டி ஈரமா, நகத்தால சுரண்டினா மாவா வந்துதெண்டா முந்தின பாஸ் புட்டிய தண்ணி போட்டுத் தேய்ச்சிருக்கிறார்.

இதுதான் எனக்கு கொழும்பு கராஜ் வேலையில இருக்கிற பெரிய கோவம். பொலியெஸ்டர் புட்டி தண்ணியக் குடிக்கும். வோட்டர் பேப்பரால ஈரமாத் தேய்ச்சா தூசி பறக்காது, பேப்பர் அடைக்காது, கையும் நோகாது, அதால எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம், பிறகு மேல ப்ரைமரும் பெயிண்டும் போட்டு மூடினா குடிச்ச தண்ணிக்குப் போக வழியில்ல, வெயில்ல வாகனம் சூடாகேக்க அது ஆவியாகி பெயிண்டத் தூக்கும், கீழ தகட்டையும் கறள் பிடிக்க வைக்கும். ஆகவே புட்டி வெளிக்கிட்ட நிமிசத்தில இருந்து காஞ்ச பேப்பர் மட்டும்தான், பெயிண்ட் பாஸிட்ட விலை பேச முதல் இதைப் பேசுங்கோ.

மாறா, மேல உள்ள பழைய பெயிண்ட் படைகள ஈரமாத் தேய்க்கிறதுதான் நல்லம், ஏனெண்டா அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், தூசிய மூச்சில எடுக்கக் கூடாது, சின்னப் பிள்ளையள் விளையாடுற முற்றத்தில அந்தத் தூசிய விடவும் கூடாது. தகடும் புட்டியும் தெரிய வரேக்க தண்ணிய நிப்பாட்டி துடைச்சு வடிவாக் காய விடுங்கோ. தேய்க்க முதல் கழுவுறது முக்கியம். நீங்கள் கடற்கரைப் பக்கம் எண்டபடியா வாகனத்தில உப்பு படிஞ்சிருக்கும், கன நல்ல தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவி, பிறகு கிரீஸ் எடுக்கிற திரவத்தால ஒரு துணியில நனைச்சுத் துடைச்சு, காய முதல் இன்னொரு காஞ்ச துணியால எடுங்கோ. இதை விட்டுட்டு பேப்பர் போட்டா மெழுகையும் சிலிக்கனையும் கீறலுக்குள்ள நீங்களே தேய்ச்சு ஏத்துறியள்.

எல்லாத்தையும் தகடு வரைக்கும் எடுக்கோணுமா எண்டு அடுத்ததாக் கேப்பியள். ஒரு துணியில தின்னர நனைச்சு, மறைவான ஒரு மூலையில கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கோ. நிறம் துணியில கரைஞ்சு வந்தா அது பழைய என்சி (நைட்ரோசெலுலோஸ்) லக்கர், சுருங்கி எழும்பினா எனாமல், அதுக்கு மேல புதுசா அடிச்சா தின்னர் பட்டு சுருங்கும், ஆகவே எடுக்கத்தான் வேணும். ஒண்டும் நடக்காட்டி 2கே பெயிண்ட், அதாவது இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது, நல்லாப் பிடிச்சிருந்தா அதைத் தேய்ச்சு அதுக்கு மேலயே போகலாம். உங்கட வேன்ல மூண்டு நிறம் தடிப்பா இருக்கிறபடியா என்ர எண்ணம் எடுக்கிறதுதான், கிரைண்டர்ல கல்லுப் போட்டு இல்ல, அது தகட்ட சூடாக்கி வளைச்சுப் போடும், பெயிண்ட் கழட்டுற நார்த்தட்டு இருக்கு, அதப் பூட்டி ஒரே இடத்தில நிக்காம ஓட்டுங்கோ, ஆனா அது காஞ்ச தூசியக் கிளப்பும், ஈயத் தூசியப் பற்றி மேல சொன்னத மறக்காதேங்கோ. ஸ்டிரிப்பர் (பெயிண்ட் கழட்டுற மருந்து) பூசினா பிறகு சுத்தமாக் கழுவி எடுக்கோணும், மடிப்புக்குள்ள நிண்டா புதுப் பெயிண்டையும் அதுவே கழட்டும். ஃபைபர் கூரைக்கு ஸ்டிரிப்பர் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, ரெசினைத் தின்னும், அதை 240 நம்பர் பேப்பரால கையால தேய்க்கிறதுதான்.

ஓட்டை விழுந்த இடத்த வெட்டி புதுத் தகடு வச்சு மிக் வெல்டிங் பண்ணுங்கோ. ஓட்டைக்கு ஃபைபர் துணி ஒட்டி புட்டி பூசுற வேலைய ஆர் சொன்னாலும் வேண்டாம். வெல்டிங்குக்கு முதல் பற்றரி வயரக் கழட்டுங்கோ, தண்ணி வடியிற சின்னத் துளையள் கதவடியில இருக்கும், அதுகள அடைச்சுப் போடாமலும் பாருங்கோ.

தகடு வெளிக்கிட்டா அண்டைக்கே ஈரத்தத் தடுக்கிற எபொக்சி ப்ரைமர் போடோணும், நாளைக்கெண்டு விடேலாது, எங்கட காத்தில ஒரு இரவிலயே மெல்லிய மஞ்சள் படர்ந்திடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கதவு, ஒரு பக்கம் எண்டு, மூடக்கூடிய அளவு மட்டும் திறவுங்கோ. எபொக்சிய பிரஷ்ஷாலயும் சின்ன ரோலராலயும் போடலாம், அதால வீட்டிலயே செய்யேலும், கையுறை மட்டும் கட்டாயம். நேரத்தையும் பாருங்கோ: 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள நாளில 26 பாகை அளவில பனி படியும், இரவு குளிர்ந்த தகடு காலமை அந்த அளவிலதான் நிக்கும், கையால தடவினா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா காயேல்ல. தகடு அந்தப் பனிப்புள்ளிக்கு 3 பாகையாவது மேல இருக்கோணும் எண்டது பெயிண்ட் வேலையில பொது விதி, ஆகவே விடியக் காலமை ப்ரைமர் ரின்னத் திறவாதேங்கோ, வெயில் ஏறட்டும். முழு வேலைக்கும் சனவரி, பெப்ரவரிதான் நல்ல காலம். மேயில தென்மேல் பருவம் துடங்கினா செப்ரெம்பர் வரை இழுக்கும், ஒக்ரோபர், நவம்பர்ல பின்னேர இடிமழை.

புட்டிய அந்த எபொக்சிக்கு மேல போடுங்கோ, எபொக்சி ரின்ல எழுதியிருக்கிற நேரம் தாண்டிப் போச்செண்டா 180 பேப்பரால ஒருக்கா கீறிட்டு. ஹார்ட்னர் 2 வீதம் அளவு, கெதியாக் காயட்டும் எண்டு கூடப் போட்டா மிச்ச ஹார்ட்னர் மேல ஏறி வெள்ளை பெயிண்ட்ல மஞ்சள் கறையா வரும். காட்போட் மட்டையில கலக்காதேங்கோ, மட்டை ரெசினை உறிஞ்சும், ஒரு கண்ணாடித் துண்டோ பிளாஸ்டிக் தட்டோ எடுங்கோ. தடிப்பு 3 மில்லிமீட்டருக்கு மேல போகுதெண்டா அது புட்டி வேலை இல்ல, டிங்கரிங் (தகட்டத் தட்டி நிமித்திற) வேலை, திருப்பி பாஸிட்ட தட்டக் குடுங்கோ. காஞ்ச பிறகு நீளமான பலகையில 80 பேப்பர், பிறகு 180, குறுக்கும் நெடுக்குமா, வெறும் கையால தேய்ச்சா விரல் பள்ளம் விழும். மேல 2கே ப்ரைமர் அடிச்சதும் மலிவான கறுப்பு ஸ்பிரே ஒண்ட தூரத்தில பிடிச்சு புகை மாதிரி தூவிட்டு 320, பிறகு 500 எண்டு தேயுங்கோ, கறுப்பு போகாம நிக்கிற இடம் பள்ளம், வெள்ளைப் பெயிண்ட் அடிச்ச பிறகு காணுறத விட இப்ப காணுறது சீவியத்துக்கு நல்லம்.

உங்கட கேள்விக்கு நேராச் சொன்னா, கழட்டுறது, கழுவுறது, பெயிண்ட் எடுக்கிறது, எபொக்சி, புட்டி, பேப்பர் எல்லாம் நீங்களும் மச்சானும் செய்யலாம். வெல்டிங்கும் 2கே ஸ்பிரேயும் கராஜுக்கு. 2கே ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, ஆஸ்துமா கொண்டு வரக்கூடிய சாமான், முகத்தில கட்டுற துணிக் கவசமோ தூசி மாஸ்க்கோ அதுக்கு உதவாது, வெளியில இருந்து காத்து வாற மாஸ்க்தான் சரி, தெஹிவளை ஒழுங்கை வீட்டில பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலத் திறந்து வச்சிருக்கேக்க அதை அடிக்க வெளிக்கிடாதேங்கோ.

கேள்வி: டொல்பின் ஹயேஸ் வேன் ஒண்ட வெள்ளையில இருந்து கடும் பச்சைக்கு மாத்தப் போறன். அடிச்சா சரிதானே, வேற அலுவல் ஏதும் இருக்கா?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இருக்கு அக்கா. சீஆர்ல (வாகனப் பதிவுச் சான்றிதழில) நிறம் எழுதியிருக்கு, மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சுப் பதியோணும், இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் சொல்லுங்கோ. இல்லாட்டி றோட்டில மறிக்கேக்கயும் விக்கேக்கயும் கரைச்சல். அதோட கதவு விளிம்பு, எஞ்சின் மூடிக்குக் கீழ எல்லாம் பச்சை அடிக்கிற விலையாத்தான் பேசுங்கோ, கதவத் திறந்தா வெள்ளை தெரியிற வேலைதான் மலிவா வரும்.

கேள்வி: எங்கட வேன் சாம்பல் ப்ரைமரோட நாலு மாசமா கேட்டுக்கு வெளியில நிக்குது, காசு சேந்ததும் நிறம் அடிப்பம் எண்டு விட்டனாங்கள். பிழை இல்லைத்தானே?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: அது என்ன ப்ரைமர் எண்டு பாஸிட்ட முதல் கேளுங்கோ. தேய்க்கிறதுக்கெண்டு போடுற சாதாரண ப்ரைமர் எண்டா அது ஈரத்தத் தடுக்காது, நாலு மாச மழையும் கடல் காத்தும் அதுக்குள்ளால போய் தகட்டில இருக்கும், அதுக்கு மேல நிறம் அடிச்சா காசு போச்சு. ஒரு உள்ளங்கை அளவு இடத்த தகடு வரைக்கும் தேய்ச்சுப் பாருங்கோ, தகடு பளபளப்பா இருந்தா தப்பிச்சியள், ஆனாலும் இன்னும் ரெண்டு மூண்டு இடத்தில, முக்கியமா கதவடியில, பாருங்கோ. மண்ணிறப் புள்ளி தெரிஞ்சா அந்தப் பக்கத்த முழுக்க எடுத்துட்டு எபொக்சில இருந்து துடங்கோணும். எபொக்சிதான் எண்டா கொஞ்சம் நிம்மதி, ஆனா வெயில் பட்டு மேல மாவாகியிருக்கும், கழுவி, காய விட்டு, 320ஆல தேய்ச்சு இன்னொரு கை எபொக்சி போட்டுட்டு காசு சேர்க்கிற வேலையத் தொடருங்கோ. காத்துப் போகாத பொலித்தீன் கவர் மட்டும் போடாதேங்கோ, உள்ளுக்க வேர்க்கும்.