சான்றிதழுக்குப் பணம் வேண்டாம், லாகினைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: கரூரில் திரைச்சீலை, மேசைவிரிப்பு தைத்து விற்கிறோம். எங்கள் இணையதளத்தை போனில் திறந்தால் 'நாட் செக்யூர்' என்று வருகிறது. தளம் செய்துகொடுத்தவர், எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கினால்தான் சரியாகும், 5 வருடத்துக்குச் சேர்த்து 30,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 5 வருடச் சான்றிதழ் என்று ஒன்று இப்போது கிடையாது. 2020 செப்டம்பரிலேயே ஒரு சான்றிதழின் ஆயுளுக்கு உச்சவரம்பு 398 நாள் என்றாகிவிட்டது. அதையும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-ல் 100 நாள், 2029-ல் 47 நாள் என்று குறைப்பதாக முடிவாகியிருக்கிறது. அவர் கேட்பது, அவ்வப்போது புதுப்பித்துத் தருவதற்கான முன்பணம். நடுவில் அவர் போனை எடுக்காவிட்டால் பணமும் போச்சு, சான்றிதழும் போச்சு.

உங்களுக்குத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற சேவை 2015 முதல் அதைத் தருகிறது. வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் பெயரையும் போன் நம்பரையும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதுதான் சான்றிதழின் வேலை. காசு கொடுத்து வாங்கினாலும் பூட்டு அதேதான். 'இது இருந்தால் ஹேக் ஆகாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'கிரீன் பார் வரும்' என்று இன்னும் கொட்டேஷனில் எழுதுகிறார்கள். பச்சையில் கம்பெனி பெயர் காட்டுவதை குரோமும் ஃபயர்பாக்ஸும் 2019-லேயே எடுத்துவிட்டன.

உங்கள் ஹோஸ்டிங்கில் (தளம் இருக்கும் வாடகை சர்வர்) சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால் உள்ளே 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்' பக்கத்தைத் திறந்து, 'ரன் ஆட்டோஎஸ்எஸ்எல்' பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அந்தப் பக்கத்தில் உள்ள பூட்டுப் படம் பச்சையாகிவிடும். அப்புறம் புதுப்பிப்பதும் தானாகவே நடக்கும். அந்தப் பொத்தானே இல்லையென்றால் ஹோஸ்டிங் கம்பெனியிடம் கேளுங்கள். இத்தனை ஆண்டாகியும் சில கம்பெனிகள் இலவச வசதியை மறைத்துவிட்டு விலைச் சான்றிதழைத்தான் முன்னால் வைக்கின்றன. சிறு வியாபாரி ஏமாறுவது இங்கேதான். பிடிவாதமாக மறுத்தால் ஹோஸ்டிங்கையே மாற்றிவிடுங்கள். ஜிஎஸ்டிக்காக ஆடிட்டர் வைத்திருக்கும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் இதற்கு ஆகாது, அது வேறு.

பணம் கொடுத்து வாங்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. கரூர் என்பதால் சொல்கிறேன். வெளிநாட்டு பையர் தன் சப்ளையர் படிவத்தில், சான்றிதழில் உங்கள் நிறுவனப் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்டால், 'ஓவி' வகைதான் வாங்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அதைத் தருவதில்லை. இதில் உங்கள் பதிவு ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள், போன் செய்தும் கேட்பார்கள். ஆவணத்தில் 'டெக்ஸ்டைல்ஸ்', விண்ணப்பத்தில் 'டெக்ஸ்' என்று இருந்தால் அதற்கே நாட்கணக்கில் இழுக்கும். எனவே பையர் கேட்டதை அவர் எழுதிய வார்த்தையிலேயே வாங்கிப் பாருங்கள். வெறுமனே 'எச்டிடிபிஎஸ் (பூட்டிய இணைப்பு) வேண்டும்' என்றிருந்தால் இலவசமே போதும். போன வருடம் ஒருவர் இந்த ஒரு வரியைப் படிக்காமல் ஓவிக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

இன்னொன்று. சான்றிதழ் எடுத்துத் தரும் ஏஜென்ட் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஜிப் ஃபைல் அனுப்பி, அதற்குள் '.கீ' என்று முடியும் ஃபைல் இருந்தால், அந்தச் சான்றிதழை ரத்து செய்து புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். அதுதான் பூட்டின் சாவி. அது சர்வரை விட்டு வெளியே வரவே கூடாது.

சான்றிதழ் போட்ட பிறகும் எச்சரிக்கை வந்தால், தளத்தின் பழைய படங்கள் இன்னும் பூட்டில்லாத 'எச்டிடிபி' முகவரியில் இருக்கலாம். அதை மாற்றுவது அரை நாள் வேலை, அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள், நியாயம்.

இதற்கெல்லாம் முன்னால் டொமைன் (தளத்தின் பெயர்) கணக்கின் லாகினையும் ஹோஸ்டிங் லாகினையும் தளம் செய்துகொடுத்தவரிடம் மெயிலில் எழுதிக் கேளுங்கள். டொமைன் அவர் பெயரில் இருந்தால், மற்ற எந்தப் பாக்கியையும் தீர்ப்பதற்கு முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.