மாஸ்ரரிடம் கேளுங்கள்: எல்க் மானுக்கு எந்தத் தோட்டா?

சென்ற இதழில் நான் சாம்பியாவில் படிப்பித்த காலத்து வேட்டைக்காரர்களைப் பற்றி நாலு வரி எழுதப் போக, இம்முறை பௌதிகக் கேள்வியை விடத் துவக்குக் கேள்விதான் கனக்க வந்திருக்கிறது. வந்ததற்கு மறுமொழி சொல்லி முடிப்போம். அடுத்த இதழில் பழையபடி ஒளிமுறிவு.

கேள்வி: நான் கரவெட்டிப் பெடியன் மாஸ்ரர். இப்போது நோர்வேயில், ஹாமர் பக்கம். வேட்டைக்காரர் பரீட்சை சித்தியடைந்து, வேலையிடத்து ஆட்களின் எல்க் வேட்டைக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். சிலர் .30-06 போதும் என்கிறார்கள். குழுத் தலைவர் 9.3×62 வாங்கு என்கிறார். கனடாவிலிருக்கிற மச்சான், வாங்கினால் .375 தான் வாங்க வேண்டும் என்று நிற்கிறான். எதை வாங்க?

பதில்: புதியவர்களுக்கு ஒரு வரி: இந்த இலக்கங்கள் தோட்டாக்களின் பெயர். .30, .375 என்பவை சன்னத்தின் (குழலை விட்டுப் பறக்கிற முனையின்) பருமன், அங்குலத்தில். 9.3 என்பது மில்லிமீற்றரில். இனி, மச்சானை முதலில் ஒரு பக்கம் வையும். .375 நல்ல துவக்குத்தான். ஆனால் அது ஆபிரிக்க எருமைக்கும் சிங்கத்துக்கும் என்று பிறந்தது. ஹாமரைச் சுற்றி அவை இரண்டும் இல்லை.

உமது நாட்டுச் சட்டமே பாதிப் பதிலைச் சொல்கிறது. எல்க்குக்குப் பட்டதும் விரிவடையும் சன்னம் வேண்டும், குறைந்தது 9 கிராம். 10 கிராமுக்கு மேற்பட்ட சன்னம் என்றால் 100 மீற்றரில் 2200 யூல் சக்தி இருக்க வேண்டும். .30-06 இன் 11.7 கிராம் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 820 மீற்றர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகிறது. திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாரும், 3900 யூல் வரும். 100 மீற்றர் போன பிறகும் 3000 இற்குக் கீழே இறங்காது. ஆகவே '.30-06 போதும்' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

அப்படியென்றால் 9.3 எதற்கு? நுரையீரலில் வெடி பட்ட எல்க் நின்ற இடத்தில் விழுவதில்லை. சில நேரம் ஒன்றுமே நடவாதது போல நடந்து பற்றைக்குள் போய்விடும். பிறகு அதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. 18.5 கிராம் எடையுள்ள 9.3 சன்னம் ஒரு பக்கத்தால் புகுந்து மற்றப் பக்கத்தால் வெளியேறிவிடும், பெரும்பாலும். இரண்டு துளை, இரண்டு பக்கமும் இரத்தம். பாசி மூடிய நிலத்தில் தடம் பிடிக்க அது பெரிய உதவி. வேகம் செக்கனுக்கு 720 மீற்றர் அளவில்தான் என்பதால் தோள்ப்பட்டை இறைச்சி கன்றிப் பழுதாவதும் குறைவு. நீங்கள் சட்டிக்காக வேட்டைக்குப் போகிற ஆட்கள், இது சின்ன விசயமில்லை.

இதற்கு நீர் கொடுக்கும் விலை உதை. 4 கிலோ துவக்கு ஒன்றை வைத்து உந்தக் காப்பு விதிப்படி நான் மட்டாகக் கணித்துப் பார்த்தேன்: பின்னுதைப்புச் சக்தி .30-06 இற்கு 25 யூல், 9.3 இற்கு 40, மச்சானின் .375 இற்கு 55. நாற்பதைத் தாங்கப் பழகலாம். ஐம்பத்தைந்தைத் தாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலர் விசையை இழுக்க முன்னமே கண்ணை மூடிவிடுவார்கள். அங்கே ஆண்டுதோறும் 30 பயிற்சி வெடி வைத்து, பிறகு 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடியும் போட்டுக் காட்ட வேண்டும் அல்லவா? கண்ணை மூடுகிறவனுக்கு அந்த வட்டம் சின்னது.

இன்னொன்று. 9.3 ஐ 100 மீற்றருக்குச் சரிபார்த்து வைத்தால் 200 மீற்றரில் சன்னம் ஏறத்தாழ ஒரு சாண் கீழே போய்விடும். .30-06 இல் அதில் பாதிதான். காட்டுக்குள் 80, 100 மீற்றரில் நிற்கிற உமக்கு இதனால் ஒன்றும் குறையாது. மலைமேல் வெளியான இடத்தில் துருவமான் (ரெயின்டியர்) தேடுகிறவனுக்குத்தான் குறையும்.

நான் 9.3 பக்கம். காரணம் சன்னம் மட்டுமில்லை. 1905 இல் பெர்லின் துவக்குத் தொழிலாளி ஒட்டோ பொக் இதை உருவாக்கியபோது, சாதாரண மவுசர் 98 துவக்குக்குள் எதையும் வெட்டித் தைக்காமல் பொருந்த வேண்டும் என்றே அளவெடுத்தார். ஆபிரிக்காவுக்குப் போன ஜேர்மன் குடியேறிகளிடம் பெரிய காசு இருக்கவில்லை. மலிவான ஒரு துவக்கால் மானையும் சுட வேண்டும், எருமை வந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மசபூக்காவில் எங்கள் பாடசாலைக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம் அப்படி ஒரு பழைய மவுசர் இருந்தது. அவர் தந்த வெற்றுக்கோதுகளை (சுட்ட பின் மிஞ்சுகிற பித்தளைக் குழாய்களை) நான் வகுப்பில் வைத்திருந்தேன். .30-06 கோதையும் 9.3 கோதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உயரத்தில் ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம், அடியும் ஒரே பருமன். வாய்தான் வேறு. பென்சிலைச் செருகினால் முதலாவதில் ஓரளவு பிடித்து நிற்கும், இரண்டாவதில் கலகலவென்று ஆடும். அடி ஒன்றாக இருப்பதால்தான் இன்றைக்கும் .30-06 இற்குச் செய்கிற அதே நீளத் துவக்கில், தோட்டாவின் அடியைத் தாங்குகிற அதே போல்ட் முகத்தோடு, 9.3 ஐயும் செய்து விற்கிறார்கள். பாரமும் விலையும் ஏறுவதில்லை.

ரிக்கா ரி3எக்ஸ் என்ற துவக்கைப் பாரும். 9.3 இல் வருகிறது. கடையில் லபுவா மெகா 18.5 கிராம் தோட்டா இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுத் துவக்கை வாங்கும். அங்கே ஒலிதணிப்பி பூட்டச் சட்டம் இடம் தருகிறது, பூட்டும். காதும் தப்பும், உதையும் குறையும். ஒலிதணிப்பியோடு துவக்கு நீண்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். 9.3 குறுகிய குழலிலும் பெரிதாக வேகம் இழக்காத தோட்டா, 50 சென்ரிமீற்றர் குழல் போதும்.

கேள்வி: இவர் வட ஒன்ராறியோவில் மூஸ் வேட்டைக்கு என்று .338 வின்செஸ்டர் மக்னம் வாங்கத் துடிக்கிறார். கடைக்காரர் பழைய .35 வீலன் ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார். வீட்டுக் கணக்கு என் கையில். எது? (ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பிள்ளை, கணக்கு உங்கள் கையில் இருப்பது அந்த மூஸுக்கும் நல்லது. (மேலே எல்க் என்றதும் இங்கே மூஸ் என்பதும் ஒரே மிருகம்தான்.)

இரண்டிலும் 16.2 கிராம் சன்னம் போடலாம். .338 அதைச் செக்கனுக்கு 810 மீற்றரில் அனுப்பும், வீலன் 730 இல் அனுப்பும். அந்த 80 மீற்றருக்காகத்தான் கூடுதல் வெடிமருந்து, கூடுதல் உதை, கூடுதல் சத்தம், நீளக் குழல் எல்லாம். 1958 இல் வின்செஸ்டர் அதைக் கொண்டுவந்து தன் மொடல் 70 இற்கு 'அலாஸ்கன்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. பெரிய கரடி, அகன்ற வெளி, தூரத்து வெடி, இவற்றுக்கான தோட்டா அது. வட ஒன்ராறியோவில் சதுப்பு ஓரத்திலும் மரம் வெட்டிய பாதையிலும் நின்று சுடுகிறவருக்கு அந்தத் தூரமே கிடைக்காது.

வீலன் 1922 அளவில் .30-06 கோதின் வாயை அகட்டிச் செய்த தோட்டா. அமெரிக்க இராணுவ அதிகாரி ரவுன்சென்ட் வீலனின் பெயர். அறுபது வருடத்துக்கு மேலாகக் கையால் தோட்டா நிரப்புகிறவர்களின் பிள்ளையாகவே இருந்து, 1988 இல்தான் ரெமிங்டன் அதைக் கடைத் தோட்டாவாக்கியது. அதனால்தான் அதில் ஒரு தொல்லை: பெட்டித் தோட்டா எல்லாக் கடையிலும் இராது. இவர் கையால் நிரப்பப் பழகியவர் என்றால் வீலனை வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் இரண்டும் வேண்டாம். .30-06 ஒன்றை வாங்கி, மிச்சக் காசுக்கு நல்ல தொலைநோக்கியும் பயிற்சித் தோட்டாவும் வாங்கச் சொல்லுங்கள். மூஸ் மறுப்புச் சொல்லாது, இவர்தான் சொல்லுவார்.

கேள்வி: .375 ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் தோட்டாவின் அடியில் ஒரு பட்டி ஓடுகிறதே, எதற்கு? (கோண்டாவில், உயர்தர மாணவர்)

பதில்: நல்ல கேள்வி. தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று தடுக்க வேண்டும். பழைய தோட்டாக்களில் அடியிலுள்ள அகன்ற விளிம்பு தடுக்கும். ஆனால் விளிம்புள்ள தோட்டாக்களை மகசினில் அடுக்கினால் ஒன்றோடொன்று கொளுவி நிற்கும். விளிம்பில்லாத தோட்டாவில் கோதின் தோள் (வாய்ப் பக்கம் ஒடுங்குகிற இடம்) தடுக்கும். 1912 இல் வந்த .375 இற்கு அந்தத் தோள் மிகவும் சரிவானது. அந்த நேரம் ஆங்கிலேயர் பாவித்தது இழை இழையாக இருக்கும் கோர்டைட் மருந்து. ஆபிரிக்க வெயிலில் அழுத்தம் ஏறினாலும் வெற்றுக்கோது ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும் என்று கோதையும் நீளமாக, கூம்பலாகச் செய்தார்கள். சரிவான தோளை நம்ப முடியாது, விளிம்பும் கூடாது. அதனால்தான் பட்டி.

பிறகு அமெரிக்கர்கள் அதே அடியை வைத்து .338, .300 வின்செஸ்டர் மக்னம்களைச் செய்தார்கள். அவற்றுக்குத் தோள் நன்றாகவே இருக்கிறது, பட்டி தேவையில்லை. வேட்டிக்கு அரைஞாண் கட்டியவன் காற்சட்டைக்கு மாறிய பிறகும் அதைக் கழற்றாத மாதிரி, பட்டி மட்டும் தொடர்ந்தது. 'மக்னம்' என்றால் பட்டி இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்களும் நினைத்தார்கள். 2007 இல் வந்த .375 றூகர் பட்டியைக் கழற்றிவிட்டது. கோது குட்டையானதால் சாதாரண நீளத் துவக்கிலேயே போகிறது.

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையில் யானையை என்ன துவக்கால் சுட்டார்கள்? (நெல்லியடி)

பதில்: வாயால் மருந்து கெட்டிக்கிற பெரிய குண்டுத் துவக்கால். கரிமருந்து சன்னத்தை ஓரளவுக்கு மேல் வேகமாகத் தள்ளாது, ஆகவே பலம் வேண்டுமென்றால் குண்டைப் பெருப்பிக்க வேண்டியதுதான். 1880களில் புகையற்ற மருந்து வந்த பிறகே 9 மில்லிமீற்றர் சன்னத்தால் பெரிய மிருகத்தை நிறுத்தலாம் என்ற நிலை வந்தது. ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர் என்று சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானைகளிடம் கேட்டால் அதற்கு வேறு விளக்கம் சொல்லும்.

கேள்வி: முள்ளியவளையில் இரண்டு ஏக்கர் கச்சான். பன்றி கிண்டி அழிக்கிறது. நீங்கள் சொல்கிற றைபிள் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணை, கிடைக்கவும் மாட்டாது. இங்கே பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதி கிடைப்பது சொட்கனுக்கு. அதுதான் உங்களுக்குப் பொருத்தமும். றைபிள் சன்னம் தவறினால் மூன்று, நாலு கிலோமீற்றர் போகும். உங்கள் கச்சான் வேலிக்கு அப்பால் யாருடைய வீடு? எஸ்.ஜி. தோட்டாவின் (பெரிய ஈய உருண்டைகள் அடைத்த சொட்கன் தோட்டாவின்) உருண்டைகள் றைபிள் சன்னம் போலக் கிலோமீற்றர் கணக்கில் போகாது, ஆனால் 30 மீற்றருக்கு அங்கால் சிதறிவிடும், அதற்கு அப்பாலும் ஆளைக் காயப்படுத்தும். இரவில் பன்றி அதைவிடக் கிட்டத்தான் வரும். மான், மரை பக்கம் துவக்கைத் திருப்ப வேண்டாம், 1937 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டுத்துவக்கு (பாதையில் பொறியாகக் கட்டி வைக்கிற துவக்கு) பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் மறுமொழி எழுத மாட்டேன். விறகுக்குப் போன சனத்தின் கால் அதில் போன கதை உங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: டார்வினில் இருக்கிறேன். எருமை வேட்டைக்கு அழைக்கிறார்கள். இங்கேயாவது .375 சரியா?

பதில்: அங்கே சரி. பல ஆபிரிக்க நாடுகளில் எருமைக்கும் யானைக்கும் ஆகக் குறைந்த அளவாக .375 ஐத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அனுபவம் உங்கள் எருமைக்கும் பொருந்தும். 19.4 கிராம் சன்னம், செக்கனுக்கு 770 மீற்றர், நல்ல கட்டுறுதியான சன்னமாகப் பார்த்து வாங்குங்கள்.

தோட்டாவை விடத் துவக்கில் கவனம் வையுங்கள். கோதே 72 மில்லிமீற்றர், அதனால் நீளப் பொறியமைப்பு வேண்டும். மவுசர் மாதிரி அகன்ற நகம் (கோதைப் பிடித்து இழுக்கிற கொக்கி) உள்ளதாக எடுங்கள்: பழைய பிறனோ, சீஸெட் 550, நகம் வைத்த மொடல் 70. மகசினை விட்டுத் தோட்டா எழும்பும்போதே அந்த நகம் அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். எருமை திரும்பி வருகிறது, நீங்கள் பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுப் பின்னுக்கு இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். நகமுள்ள துவக்கில் பிடித்த தோட்டா போல்ட்டோடு வெளியே வந்துவிடும். மற்ற வகையில் அது அறைக்குள்ளேயே நிற்கும், அடுத்த தோட்டா வந்து அதன் பின்னால் முட்டி இறுகும். மான் வேட்டையில் இது சிரிக்கிற விசயம். முன்பார்வை, பின்பார்வை இரும்பிலேயே இருக்கட்டும். 20 மீற்றரில் தொலைநோக்கிக்குள் தெரிவது எருமையின் மயிர் மட்டும்தான்.

கேள்வி: மாஸ்ரர், உங்களிட்டை துவக்கு இருக்கோ? (கொக்குவில், ஆறாம் வகுப்பு)

பதில்: இல்லை ராசா. மாமரத்து அணிலுக்கு ஒரு கெற்றப்போல் இருந்தது, அதையும் பேரன் கொண்டுபோய்விட்டான்.