பதிலே வராத விண்ணப்பங்கள்

தங்கச்சி, ஹட்டனிலிருந்து அப்வேர்க் என்ற இணைய வேலைத்தளத்தில் டேட்டா என்ட்ரி (தகவல்களைக் கணினியில் பதியும்) வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தும் பதிலே வரவில்லை, ஒருவர்கூடக் காரணம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை உங்கள் திறமைக்கான தீர்ப்பாக எடுக்காதீர்கள், வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் விண்ணப்பத்தை முழுசாகப் படித்திருக்கவே மாட்டார்கள். விண்ணப்பப் பட்டியலில் அவர்கள் கண்ணில் முதலில் படுவது கடிதத்தின் தொடக்க வரிகள்தான், நீங்கள் எனக்கு அனுப்பிய மாதிரிக் கடிதத்தில் அந்த இடம் 'மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி' என்றே போய்விட்டது. அங்கே 'உங்கள் பிடிஎஃப் விலைப்பட்டியலை எக்செலில் இப்படிப் பிரிப்பேன்' என்று நேரே வேலையைப் பற்றி எழுதி, சின்னதாக ஒரு மாதிரி எக்செல் தாள் செய்தும் இணையுங்கள். அப்புறம், சிங்களமும் தமிழும் சரளமாக வரும் என்பதை ஏன் கடைசி வரியில் ஒளித்து வைத்தீர்கள்? டேட்டா என்ட்ரிக்கு உலகமே போட்டி போடுகிறது, சிங்களம், தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத அத்தனை பேர் இல்லை. வேலை தருகிறேன் என்று பதிவுக்கட்டணம் கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.