மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும் டீசல் கார்

கேள்வி: என் பழைய டீசல் கார் மழைக்காலக் காலைகளில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, பேட்டரி புதியது. வீட்டிலேயே எதைச் சோதிக்கலாம்?
– வாசகர், குளச்சல்

பதில்: முதலில் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தேங்கியதைக் கண்ணாடிக் குவளையில் வடித்துப் பாருங்கள், நீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் படியும். பிறகு டீசலை என்ஜினுக்குக் கையால் ஏற்றும் கைப் பம்பை இறுகும்வரை அழுத்துங்கள்; உடனே வண்டி கிளம்பினால், இரவில் குழாய்க்குள் காற்று புகுந்து, அதிலிருந்த டீசல் மீண்டும் டேங்குக்கே இறங்கியிருக்கிறது என்று பொருள், அதற்குப் பெரும்பாலும் வெடித்த ரப்பர் குழாயோ தளர்ந்த கிளிப்போதான் காரணம். அப்படியும் கிளம்பாவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போது என்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளின் இணைப்பைக் கழற்றி ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரால் அளவிடுங்கள்: நல்ல பிளக் ஏறத்தாழ 1 ஓம் காட்டும், எரிந்துபோனது தொடர்பே காட்டாது. உங்கள் ஊரின் உப்புக்காற்று எர்த் ஒயர் (பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் ஒயர்) முனையை அரிக்கும் என்பதால், அதையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வண்டியைக் கிளப்ப என்ஜினுக்குள் அடிக்கும், எளிதில் தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஹீட்டர் பிளக்கின் சூட்டில் அது முன்கூட்டியே தீப்பற்றி என்ஜினையே சேதப்படுத்தக்கூடும்.