கிட்டாரின் 12வது ஃபிரெட் ஏன் 321.6 மி.மீ.இல் விழுகிறது?

324 மி.மீ. தான் சரி, 321.6 பிழை. 648 மி.மீ. ஸ்கேலில், அதாவது கம்பியின் அதிரும் நீளத்தில், 12வது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டி) சரிபாதியில் வர வேண்டும்.

அடுத்த ஃபிரெட்டின் தூரத்துக்கு, மிச்ச நீளத்தை ஒவ்வொரு முறையும் 18ஆல் வகுத்திருப்பீர்கள். பழைய தச்சுக் கணக்கு அது. அப்படி வகுத்தால் உங்கள் 321.6 தான் வரும். 17.817ஆல் வகுத்துப் பாருங்கள்: முதல் ஃபிரெட் 36.37, 5வது 162.55, 7வது 215.51.

ஃபிரெட் பள்ளம் வெட்ட வாள் வைக்க முதல் இவற்றைக் காகிதத்தில் குறியுங்கள். எல்லாம் நட்டிலிருந்தே (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டை) அளக்க வேண்டும். ஃபிரெட்டுக்கு ஃபிரெட் அளந்தால் பிசகு கூடிக்கொண்டே போகும்.

பிரிட்ஜை (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மட்டும் 648இலேயே இறுக்கிவிடாதீர்கள். தடித்த கம்பிகளின் சேடில் (பிரிட்ஜில் கம்பி படியும் மேடு) 2, 3 மி.மீ. பின்னால் போக இடம் வேண்டும். அப்புறம், யாழ்ப்பாணத்தில் வாங்கிய முதிரை என்கிறீர்கள். அருமையான மரம், ஆனால் மாரியில் அரிந்த பலகை என்றால் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு செதுக்கினால் கழுத்து முறுகிவிடும்.